மூன்று மில்லிமீட்டரா, ஐந்து மில்லிமீட்டரா? ஓர் அட்டவணையின் மேல் சில புகார்கள்

ஜனவரியில் எங்கள் கீழ் கோத்தகிரியில் விடிகாலை பத்து டிகிரிக்குக் கீழே போவது சாதாரணம். ஒரு ஸ்வெட்டர், தலையில் ஒரு குல்லா, கையில் ஒரு டம்ளர் சுடுதண்ணி, அவ்வளவுதான். தேயிலைத் தோட்டத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்துவிடுவேன். குளிருக்குப் பயந்த ஆள் இல்லை நான். அப்படிப்பட்டவன் போன ஜனவரியில் புதுச்சேரிக் கடலில், 26 டிகிரித் தண்ணீரில், அன்றைய மூன்றாவது டைவில் முப்பத்தைந்தாவது நிமிஷம் பல் கிட்டித்துப்போய் ரெகுலேட்டரைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். மேலே வந்ததும் படகுக்காரர் சிரித்தார். "என்ன சார், நீங்க மலைக்காரரு. உங்களுக்கு இதெல்லாம் ஒரு குளுரா?"

அந்தக் கேள்வியைக் குறித்து வைத்துக்கொண்டேன். பதில் எழுத ஒரு வருஷம் ஆகிவிட்டது. இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் என் அக்கா மகள். தூத்துக்குடியில் படிக்கிறாள், கடல் சம்பந்தமான படிப்பு. டிசம்பர் கடைசியில் தொடங்கி ஜனவரி முழுக்க வாரத்துக்கு நான்கைந்து முறை தண்ணீருக்குள் போகும் வேலை இருக்கிறதாம். ஆள் ஒல்லி. நவம்பரிலேயே இரவல் சூட்டில் போய், விரல் மரத்து, ஸ்லேட்டில் எண் எழுத முடியாமல் பாதியில் மேலே வந்துவிட்டாள். "மாமா, சொந்தமா ஒண்ணு வாங்கிடறேன். ஆறாயிரம் ரூவாதான் இருக்கு. இந்தச் சார்ட் படி மூணு மில்லிமீட்டர் போதும்னு போட்டிருக்கு. வாங்கட்டுமா?" என்று கேட்டு ஒரு படத்தை அனுப்பியிருந்தாள்.

அந்தச் சார்ட்டைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. டைவிங் பக்கம் எட்டிப் பார்த்த எல்லோரும் அதைப் பார்த்திருப்பீர்கள். இடப்பக்கம் தண்ணீரின் வெப்பம், வலப்பக்கம் வெட்சூட்டின் தடிமன். 29 டிகிரிக்கு மேலே என்றால் வெறும் ரேஷ் கார்டு, 25-க்கும் 28-க்கும் நடுவில் மூன்று மி.மீ., அதற்குக் கீழே ஐந்து, இன்னும் கீழே ஏழு. கடைக்குக் கடை ஒன்றிரண்டு டிகிரி முன்னே பின்னே இருக்கும். அமைப்பு ஒன்றுதான். பார்க்கச் சுத்தமாக இருக்கிறது, பத்து வினாடியில் பதில் கிடைக்கிறது. செருப்பு அளவுப் பட்டியல் மாதிரி. பாதிச் சிக்கலும் அதனால்தான் வருகிறது.

முதலில் அட்டவணைக்கு நியாயம் செய்துவிடுகிறேன். தண்ணீரின் குளிரும் காற்றின் குளிரும் வேறு வேறு என்பதை அது ஒப்புக்கொள்கிறது. தண்ணீர் காற்றைவிடக் கிட்டத்தட்ட 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். அதோடு, ஒரு லிட்டர் காற்றை ஒரு டிகிரி சூடாக்க ஆகும் வெப்பத்தைப்போல மூவாயிரம் மடங்குக்கு மேல் ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தேவை. 26 டிகிரிக் காற்றில் நாம் விசிறி தேடுவோம். 26 டிகிரித் தண்ணீர், உடம்பு உண்டாக்குகிற வெப்பத்தை ஓயாமல் உறிஞ்சிக்கொண்டே இருக்கும், தண்ணீர் மட்டும் சூடாகாது. மலைக்காரனுக்குக் குளிர் பழக்கம் என்பது படகுக்காரர் சொன்ன வேடிக்கைதான். எனக்குப் பழகியது ஸ்வெட்டர் போட்டுக்கொள்வது. என் தோல் ஒன்றும் பழகவில்லை.

(உடம்பே பழகிக்கொண்டவர்களும் உண்டு. கொரியாவின் ஹேன்யோ பெண்கள். வெறும் பருத்தி உடையில், குளிர்காலத்தில் பத்து டிகிரி அளவுக்கு இறங்கும் தண்ணீரில் சிப்பிக்கும் பாசிக்கும் மூழ்கியவர்கள். சுகி ஹாங் என்ற உடலியலாளர் 1960-களில் அவர்களை அளந்து பார்த்தபோது, குளிர்காலத்தில் அவர்கள் உடம்பு ஓய்விலேயே கூடுதல் வெப்பத்தை உண்டாக்குவது தெரிந்தது. 1970-களில் அவர்கள் வெட்சூட்டுக்கு மாறினார்கள். சில வருஷங்களிலேயே அந்தப் பழக்கம் உடம்பை விட்டுப் போய்விட்டது. ஒரு ரப்பர் சட்டை அவ்வளவு வேலை செய்திருக்கிறது.)

சரி, புகாருக்கு வருவோம்.

அட்டவணைக்குத் தெரிந்தது ஒரே ஒரு விஷயம், தண்ணீரின் வெப்பம். எவ்வளவு ஆழம், எத்தனை நிமிஷம், அன்றைக்கு எத்தனையாவது டைவ், நீந்துகிறாயா அல்லது ஒரே இடத்தில் மிதந்து சிப்பி எண்ணுகிறாயா, உடம்பில் எவ்வளவு சதை, எதுவும் அதற்குத் தெரியாது. சுற்றுலாப் பயணி ஒருவர் வாழ்நாளில் ஒருமுறை பன்னிரண்டு மீட்டருக்கு இறங்கி, முப்பது நிமிஷம் மீனைப் பார்த்துவிட்டு ஏறுவதற்கு அது சரியாக இருக்கலாம். என் அக்கா மகள் கட்டம் கட்டமாகச் சட்டம் வைத்து, அசையாமல் ஒரு மணிநேரம் பவளம் எண்ணப்போகிறாள். அதுவும் அடுத்தடுத்த நாள். அசையாத உடம்பு உண்டாக்கும் வெப்பம் சுமார் நூறு வாட், ஒரு பழைய குண்டு பல்ப் அளவு. மெதுவாக நீந்தினால் இருநூறு, இருநூற்றைம்பது. இந்த வித்தியாசம் அட்டவணையில் எங்கே?

ஆழம் அதைவிட முக்கியம். அதற்குச் சூட்டுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தாக வேண்டும்.

இங்கே இன்னொரு பழைய பொய்யை உடைக்க வேண்டியிருக்கிறது. வெட்சூட் எப்படி வேலை செய்கிறது என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: "உள்ள கொஞ்சம் தண்ணி போகும், உடம்புச் சூட்டுல அது சூடாகும், அந்தச் சூடான தண்ணிதான் நம்மள காப்பாத்தும்." பாடப்புத்தகத்திலும் இருக்கிறது, விற்பனைப் பக்கங்களிலும் இருக்கிறது, நான் பழகிய இடத்தில் பயிற்றுநரும் இதையேதான் சொன்னார். ஆனால் காப்பது தண்ணீர் இல்லை. நியோப்ரீன் ரப்பருக்குள் நுரை நுரையாக அடைபட்டிருக்கும் வாயுக் குமிழிகள்தான் காக்கின்றன. உள்ளே போகும் தண்ணீர் ஒரு செலவு. அதை எவ்வளவு குறைக்கிறோமோ அவ்வளவு லாபம்.

வரலாறும் அதைத்தான் சொல்கிறது. நியோப்ரீன் 1930-இல் டூபாண்ட் நிறுவனத்தில் உருவான செயற்கை ரப்பர். அதை நுரையாக்கி உடம்பில் மாட்டலாம் என்று முதலில் யோசித்தவர்களில் முக்கியமானவர் ஹ்யூ பிராட்னர். கலிபோர்னியாப் பல்கலைக்கழக இயற்பியலாளர், அதற்கு முன்பு அணுகுண்டுத் திட்டத்தில் லாஸ் அலமோஸில் இருந்தவர். 1951 வாக்கில் அமெரிக்கக் கடற்படை முக்குளிப்பவர்களுக்காக அவர் யோசித்தார். அதுவரை எல்லோரும் உடம்பை நனையாமல் வைக்கத்தான் பாடுபட்டார்கள். பிராட்னர் கண்டது, நனைந்தாலும் பரவாயில்லை, துணியிலேயே வாயு அடைபட்டிருந்தால் போதும் என்பது. 'நனைந்தாலும் பரவாயில்லை' என்பது காலப்போக்கில் 'நனைந்தால்தான் நல்லது' என்று திரிந்துவிட்டது. அவர் அதற்குக் காப்புரிமை வாங்கவில்லை. சான் பிரான்சிஸ்கோவில் அலைச்சறுக்குக் கடை வைத்திருந்த ஜாக் ஓ'நீல், தெற்குக் கலிபோர்னியாவின் மெய்ஸ்ட்ரெல் இரட்டையர்கள் என்று மற்றவர்கள் அதை வியாபாரமாக்கினார்கள்.

இந்தத் திரிபு வெறும் ஏட்டுச் சண்டை இல்லை, காசு சம்பந்தப்பட்டது. 'தண்ணீர் உள்ளே போகத்தான் வேண்டும்' என்று நம்புகிறவர் தொளதொளவென்ற சூட்டை வாங்கிவிடுவார். இடுப்புக்குப் பின்னால், அக்குளில், கழுத்தில் தண்ணீர் தேங்கும். ஒவ்வொரு முறை குனியும்போதும் அது வெளியே போய்ப் புதுத் தண்ணீர் வரும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு லிட்டர் தண்ணீரை 26-இலிருந்து 32 டிகிரிக்குச் சூடாக்க 25 கிலோஜூல் வேண்டும். அசையாத உடம்பு நான்கு நிமிஷம் உண்டாக்குகிற மொத்த வெப்பம் அது. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை ஒரு லிட்டர் மாறினால், சம்பாத்தியத்தில் நாற்பது சதவிகிதம் ஓட்டைப் பானையில் போகிறது. ஐந்து மி.மீ. என்ன, ஏழு மி.மீ. இருந்தும் என்ன பிரயோஜனம்?

இப்போது ஆழத்துக்கு வருகிறேன். குமிழிகளில் இருப்பது வாயு. பத்து மீட்டர் இறங்கினால் அழுத்தம் இரண்டு மடங்கு, இருபது மீட்டரில் மூன்று மடங்கு. வாயு சுருங்கும். ரப்பர் சுருங்காது என்பதால் சூட்டு முழுதாக மூன்றில் ஒரு பங்காகிவிடாது. ஆனால் கடையில் வாங்கிய மூன்று மி.மீ., பதினெட்டு மீட்டர் ஆழத்தில் இரண்டு மி.மீ. பக்கம் வந்துவிடும் என்று வைத்துக்கொள்ளலாம்.

நான் நோட்டில் போட்ட தோராயக் கணக்கு இது. நியோப்ரீன் நுரையின் வெப்பக் கடத்தல் சுமார் 0.05 (வாட், மீட்டர், டிகிரிக் கணக்கில்). மூடியிருக்கும் உடம்பின் பரப்பு 1.6 சதுர மீட்டர். தோலுக்கும் தண்ணீருக்கும் ஐந்து டிகிரி வித்தியாசம். மேல் மட்டத்தில் மூன்று மி.மீ. சூட்டு வழியே போவது 133 வாட். ஐந்து மி.மீ. என்றால் 80. பதினெட்டு மீட்டரில் மூன்று இரண்டாகச் சுருங்கினால் 200 வாட், ஐந்து மூன்றேகால் ஆனால் சுமார் 120. இதில் மூச்சுவழி இழப்பு இல்லை, தண்ணீர் மாறும் செலவு இல்லை, மூடாத தலையும் கையும் இல்லை. நிஜத்தில் தோலும் குளிர்ந்து வித்தியாசம் குறையும், அதனால் இழப்பும் கொஞ்சம் குறையும். அந்தத் தோல் குளிர்வதைத்தான் நாம் 'குளுருது' என்கிறோம்.

அசையாமல் பவளம் எண்ணுகிறவள் சம்பாதிப்பது நூறு, செலவு இருநூறு. ஒரு மணிநேரம் இப்படி ஓடினால் நடுக்கம் வராமல் வேறு என்ன வரும்? அதே தண்ணீரில், அதே மூன்று மி.மீ.யில், பத்து மீட்டருக்குள் நீந்திக்கொண்டே இருக்கும் சுற்றுலாப் பயணிக்கு வரவும் செலவும் சரியாகிவிடும். இரண்டு பேருக்கும் அட்டவணை ஒரே பதிலைத்தான் சொல்கிறது.

தூத்துக்குடி, கீழக்கரைப் பக்கம் தலைமுறை தலைமுறையாகச் சங்குக்கும் முத்துக்கும் குளித்தவர்கள் ரப்பர் எதுவும் இல்லாமல்தானே போனார்கள் என்று கேட்கலாம். கேட்டும் இருக்கிறார்கள். அவர்கள் முறையைப் பாருங்கள். கல்லைப் பிடித்துக்கொண்டு இறக்கம், ஒரு நிமிஷம் சுற்று வட்டத்தில் அடியில், பிறகு மேலே வந்து தோணியில் வெயில். முத்துக்குளிப்பை வைத்ததும் கடல் அடங்கி வெயில் ஏறிய மார்ச், ஏப்ரலில். தூத்துக்குடிப் பக்கம் அரசாங்கம் நடத்திய கடைசி முத்துக்குளிப்பு வரிசை 1961-இல் முடிந்தது. குளிரோடு மல்லுக்கட்டாமல், குளிரில் கழிக்கும் நேரத்தைத் துண்டு துண்டாக வெட்டிக்கொண்டார்கள். டேங்க்கை முதுகில் கட்டியதும் நாம் இழந்தது அந்த வெட்டைத்தான். ஒரு மணிநேரம் கீழேயே இருக்க முடிவதால், ஒரு மணிநேரக் குளிரையும் மொத்தமாக வாங்கிக்கொள்கிறோம்.

அடுத்த புகார் அந்த 'மி.மீ.' என்ற எண்ணின் மேலேயே. என்னிடம் இருக்கும் சூட்டு இணையத்தில் வாங்கியது, பெயர் சொல்லவில்லை. 'ஐந்து மி.மீ.' என்றுதான் போட்டிருந்தது. எங்கள் ஊர்ப் பக்கத்து தேயிலை ஃபேக்டரி ஃபிட்டர் அண்ணனிடம் வெர்னியர் காலிப்பரை இரவல் வாங்கி அளந்தேன். நெஞ்சில் ஐந்து. முதுகில் நாலரை. கையிலும் முழங்காலுக்குக் கீழேயும் மூன்று. அதிலும் இரண்டு பக்கமும் ஒட்டியிருக்கும் துணியைச் சேர்த்துத்தான் இந்த அளவு, நுரை மட்டும் என்றால் இன்னும் குறைவு. அக்குளில் மெல்லிசாக வைப்பதில் தப்பில்லை, கை மடங்கணும் இல்லையா. ஆனால் விளம்பரத்தில் பெரிய எண் மட்டும்தான் இருந்தது. ஐரோப்பாவில் ஈஎன் 14225-1 என்ற தரம் இருக்கிறது. அது வெட்சூட்டை வெப்பக் காப்பை வைத்து ஏ முதல் டி வரை வகைப்படுத்துகிறது. நம் ஊரில் விற்கும் மலிவுச் சூட்டுகளில் அந்தச் சீட்டைத் தேடினேன், பார்த்த எதிலும் இல்லை.

பழைய சூட்டு என்றால் மி.மீ.க்கு அர்த்தமே போய்விடும். டைவ் கடைகளில் வாடகைக்கு விட்ட சூட்டுகள் சீசன் முடிந்ததும் இரண்டாயிரம், மூவாயிரத்துக்குக் கிடைக்கும். நூறு நூறு முறை ஆழத்தில் நசுங்கி எழுந்த குமிழிகள் ஒரு கட்டத்தில் எழாமலே போய்விடும். அளந்தால் மூன்று வரும், வேலை ஒன்றரைக்குத்தான் செய்யும். இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி: கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் நன்றாக அழுத்திப் பிடித்துவிட்டு விடுங்கள். பஞ்சு மெத்தை மாதிரி உடனே எழுந்தால் உயிர் இருக்கிறது. பள்ளம் அப்படியே நின்றால் அது வெறும் ரப்பர் ஷீட். இன்னும் சந்தேகம் என்றால் ஒரு டிரம் தண்ணீரில் போட்டு, அமுக்க எவ்வளவு எடை வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். ஒரே அளவு, ஒரே தடிமனில் இரண்டு சூட்டு இருந்தால், எது அதிகம் மிதக்கிறதோ அதில்தான் வாயு மிச்சம் இருக்கிறது. நான் எங்கள் வீட்டு நீல டிரம்மில் செங்கல் கட்டிப் போட்டுப் பார்த்தேன். பக்கத்து வீட்டு ஆத்தா, "என்ன கண்ணு, சட்டைக்கு நீச்சல் பழக்குறியா?" என்று கேட்டார்.

விலை ஏறுவது எதனால் என்றும் கொஞ்சம் பார்த்துவிடலாம், ஆறாயிரம் ரூபாய்க்காரிக்கு அதுதான் முக்கியம்.

தையல் முதல் விஷயம். மலிவுச் சூட்டில் ஓவர்லாக் தையல் இருக்கும், உள்பக்கம் புடைத்துத் தோலை உராயும், ஊசித் துளை வழியே தண்ணீரும் வரும். அடுத்தது ஃப்ளாட்லாக். தட்டையாக இருக்கும், உறுத்தாது, ஆனால் ஊசி இரண்டு பக்கமும் குத்தி வருவதால் கசியும். மேலே இருப்பது, ஓரங்களைப் பசையால் ஒட்டி ஊசி பாதி ஆழம் மட்டும் போகிற மாதிரி தைப்பது. நம் தண்ணீருக்கு ஃப்ளாட்லாக் போதும் என்பது என் தீர்ப்பு. ஒட்டுத் தையலுக்கு இரட்டிப்பு விலை கொடுப்பது 15 டிகிரித் தண்ணீரில் நியாயம், மன்னார் வளைகுடாவில் இல்லை. கசிகிற ஓரத்தில் நியோப்ரீன் பசையை நாமே உள்பக்கமாகத் தடவிக்கொள்ளலாம்.

இழுபடும் தன்மைக்குக் காசு கொடுக்கலாம், தப்பில்லை. அளவு கச்சிதமாக உட்கார உதவுவது அதுதான். உள்ளே டைட்டானியம் பூச்சு, உடம்பின் வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் என்று போட்டிருந்தால் நகர்ந்துவிடுங்கள். வெப்பக் கதிர்வீச்சைத் திருப்பும் வித்தை விண்வெளியில் சரி. ரப்பரும் தண்ணீரும் தோலில் ஒட்டிக் கிடக்கும்போது வெப்பம் போவது தொடுகையால். கண்ணாடியைச் சுவரில் ஒட்டிவிட்டு அதில் முகம் பார்க்கிற கதை.

அலைச்சறுக்குச் சூட்டு மலிவாகக் கிடைக்கிறதே, அது ஆகுமா என்றும் கேட்டிருந்தாள். அதற்கு மென்மையான நுரைதான் போடுவார்கள், நீட்டிக்கொள்ள வசதி. மேல் தண்ணீரில் அருமை. ஆழத்தில் அதே மென்மையால் சீக்கிரம் நசுங்கும், சீக்கிரம் கெடும். பத்து மீட்டருக்குள் மட்டும் போகிறவருக்குப் பரவாயில்லை.

அப்படியானால் அவள் எதை வாங்குவது? நான் சொன்னது, மூன்று மி.மீ. முழுநீளச் சூட்டு ஒன்று, அதோடு தனியாக, தலைமூடி தைத்த கையில்லாத வெஸ்ட் ஒன்று, இரண்டு அல்லது மூன்று மி.மீ. ஐந்து மி.மீ. சூட்டு ஒன்றே வாங்கிவிடலாமே என்று தோன்றும். வெப்பக் கணக்கில் அது கிட்டத்தட்ட சமம்தான். ஆனால் மார்ச் வந்துவிட்டால் அங்கே 29, 30 டிகிரித் தண்ணீரில் ஐந்து மி.மீ. வேக வைக்கும். கூடவே இடுப்பில் ஈயமும் கூட வேண்டும், ஆழத்தில் சூட்டு நசுங்கியதும் அந்த ஈயம் பாரமாக இழுக்கும். வெஸ்ட் என்றால் வேண்டாதபோது கழற்றி வைக்கலாம். நெஞ்சுக்கு மட்டும் இரண்டு அடுக்கு, கைகால் மடங்கச் சுலபம்.

தலைமூடி வேண்டாம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், வெப்பக் கடலில் பார்க்க அசிங்கமாம். உடம்பு வெப்பத்தில் பாதி தலை வழியாகப் போகிறது என்று ஒரு வதந்தியும் உண்டு. அதுவும் தப்பு, தலையின் பரப்பு மொத்த உடம்பில் பத்தில் ஒரு பங்குதான். ஆனால் மற்ற ஒன்பது பங்கையும் மூடிவிட்டு ஒன்றை மட்டும் திறந்து வைத்தால், அந்த ஒன்றின் கணக்கு பெரிதாகிவிடும். அதைவிட, கழுத்து ஓட்டையை அடைப்பதுதான் தலைமூடியின் பெரிய வேலை. முதுகு வழியே சில்லென்று இறங்கும் அந்தத் தண்ணீர் நின்றாலே பாதி நிம்மதி.

அளவு சரியில்லை என்றால் மேலே சொன்ன எதுவும் செல்லாது. பெண்களுக்கான சூட்டு மலிவு விலையில் கிடைப்பது குறைவு, ஆண்கள் சூட்டில் சின்னதை மாட்டச் சொல்வார்கள். இடுப்பில் பை மாதிரி நிற்கும். அதை வாங்காதே என்று சொல்லிவிட்டேன். கையும் காலும் நீளமாக இருந்தால் கவலை இல்லை, நல்ல கத்தரியால் வெட்டிவிடலாம், துணி மாதிரி நூல் பிரியாது. நெஞ்சும் இடுப்பும்தான் பொருந்த வேண்டும். கோயம்புத்தூரில் விளையாட்டுச் சாமான் கடைகளில் போட்டுப் பார்த்து வாங்க வழி இருக்கிறது. காய்ந்த உடம்பில் மூச்சு முட்டுகிற மாதிரி இருந்தால் பெரும்பாலும் அதுவே சரியான அளவு, தண்ணீரில் கொஞ்சம் இளகும். கையைத் தூக்கும்போது முதுகில் காற்று புகுந்து பொம்மினால் வேண்டாம்.

காசே செலவில்லாத ஒரு விஷயத்தை எந்த அட்டவணையும் சொல்வதில்லை. இரண்டு டைவுக்கு நடுவில் படகில் உட்காரும் அந்த ஒரு மணிநேரம். ஈரச் சூட்டு, டிசம்பர் வாடைக்காற்று. ஆவியாகும் தண்ணீர் உடம்பு வெப்பத்தை உருவிக்கொண்டு போகும். நான் புதுச்சேரியில் மூன்றாவது டைவில் நடுங்கியதற்கு அடிக் கடலின் குளிரைவிட இதுதான் காரணம் என்று இப்போது நினைக்கிறேன். எங்கள் தோட்டத்தில் இலை பறிக்கிற பெண்கள் பனி ஈரத்துக்கு இடுப்பில் சுற்றிக்கொள்கிற பிளாஸ்டிக் தாள் தெரியுமா? அதில் ஒன்றைத் தோளோடு போர்த்திக்கொண்டு உட்கார்ந்தால் காற்று உள்ளே வராது. ஃபிளாஸ்க்கில் சுடுதண்ணி, காய்ந்த குல்லா. இருநூறு ரூபாய்க்குள் முடிந்தது. இதைச் செய்துவிட்டு அடுத்த முறை அதே சூட்டில் போனேன், அதே மூன்று டைவ், விரல் மரக்கவில்லை.

குளிர் வெறும் அசௌகரியம் என்று விட்டுவிட முடியாது என்பதற்கு இன்னொரு காரணம். ஆழத்தில் உடம்பில் கரையும் நைட்ரஜன் ஏறும்போது ரத்த ஓட்டம் வழியாக வெளியேற வேண்டும். குளிர்ந்த கைகாலில் ரத்த ஓட்டம் சுருங்கும். அமெரிக்கக் கடற்படையின் சோதனைப் பிரிவு 2007-இல் வெளியிட்ட ஆய்வில், கீழே சூடாக இருந்து ஏறும்போது குளிர்ந்தவர்களுக்கு அழுத்தநீக்க நோய் அதிகம் வந்தது. நம் மலிவுச் சூட்டுகள் அந்த வரிசையைத்தான் உண்டாக்குகின்றன: முதலில் சூடு, கடைசியில் நடுக்கம்.

எங்களைப்போல மலையில் வீடு இருப்பவர்களுக்கு இது இன்னும் நெருக்கமான விஷயம். டைவ் முடித்து விமானம் ஏறக் காத்திருக்கும் நேரத்துக்கு டான் அமைப்பின் வழிகாட்டல் ஒரு டைவுக்குப் பன்னிரண்டு மணிநேரம், பல டைவ் அல்லது பல நாள் என்றால் பதினெட்டு. அது 2,000 முதல் 8,000 அடி வரையிலான கேபின் உயரத்துக்குச் சொன்னது. கோத்தகிரி கிட்டத்தட்ட ஆறாயிரம் அடி. மத்தியானம் கடலிலிருந்து ஏறி, இரவு பஸ் பிடித்து, விடியலில் மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ஏறினால் அந்தக் கணக்கு இடிக்கிறது. பஸ்ஸில் போவதால் யாரும் எச்சரிப்பதில்லை. மேட்டுப்பாளையத்திலோ கோயம்புத்தூரிலோ ஒரு ராத்திரி தங்கும் வாடகையைச் சூட்டுச் செலவோடு சேர்த்துக் கணக்கு வை என்று அவளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

கடைசியாக, சூட்டை இங்கே கொண்டு வந்தால் காயாது. எங்கள் பக்கம் பெரிய மழை வடகிழக்குப் பருவத்தில்தான், டிசம்பரிலும் மூட்டம் விடாது. நல்ல தண்ணீரில் அலசி, தடித்த மூங்கிலில் இடுப்பில் மடித்துப் போட்டு, காற்றாடும் கொட்டகையில் நான்கு நாள் விட்டேன். அடுப்புப் பக்கம் வைத்தால் சீக்கிரம் காயும், ரப்பரும் சீக்கிரம் வெடிக்கும். மெல்லிய கம்பி ஹேங்கரில் மாட்டினால் தோளில் நுரை நசுங்கி நிரந்தரக் கோடு விழும். என் சூட்டில் விழுந்திருக்கிறது.

நேற்று ராத்திரி அவள் படம் அனுப்பினாள். மூன்று மி.மீ., ஃப்ளாட்லாக், பழசு இல்லை, நாலாயிரத்துச் சொச்சம். வெஸ்ட்டும் சேர்த்து ஆறாயிரத்தில் எண்பது ரூபாய் மிச்சமாம். கை இரண்டு விரல்கடை நீளம். "மாமா, கத்தரியில வெட்டணும்னா நெஜமாவே வெட்டலாமா? பயமா இருக்கு." வெட்டு கண்ணு, முதலில் ஒரு விரல்கடை மட்டும் வெட்டிப் போட்டுப் பார் என்று பதில் போட்டிருக்கிறேன்.